டின் அண்ணையின் வெய்யில் பெட்டி

பிள்ளையள், லண்டன் வெய்யிலைப் பிடித்துப் பெட்டிக்குள் அடைத்த ஒரே மனிசன் எங்கட டின் அண்ணைதான். வேறு ஆராவது உரிமை கொண்டாடினால் நம்பாதையுங்கோ.

ஈஸ்ட் ஹாமில் எங்கள் அறைக்குப் பக்கத்து அறை அவருக்கு. மூத்தவளே, நீ அப்ப கைக்குழந்தை, நெஞ்சுச் சளி. அறை சூடாக இருக்க வேணும் என்று நர்ஸ் சொல்லிப்போட்டா. ஹீட்டரோ பழுது. வீட்டு ஏஜெண்டைக் கேட்டால் "நெக்ஸ்ட் வீக்" என்பான். சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் வீட்டை விட்டு எழுப்பிவிடுவான் என்ற பயம் வேறு.

"யோசியாதையும் தம்பி. சூரியன் வாடகை கேக்கிறேல்லை," என்றார் அண்ணை.

பார்க்கில் கிடந்த வெற்று பியர் டின்களையெல்லாம் பொறுக்கினார். மேலும் கீழும் வெட்டி, குழாய் மாதிரி ஒட்டி, கறுப்புப் பெயின்ற் அடித்து, பலகைப் பெட்டியில் அடுக்கிக் கண்ணாடியால் மூடினார். வெய்யில் பட்டால் டின்னுக்குள் காற்றுச் சூடாகி மேலே எழும்பும். அதை யன்னல் இடுக்கால் அறைக்குள் விடுகிற ஏற்பாடு. பெட்டியை யன்னலுக்கு வெளியே தன் பழைய வேட்டியால் கட்டித் தொங்கவிட்டார்.

ஒரேயொரு பிழை. அது கந்தசஷ்டி நேரம். பியர் கையில் பட்டால் விரதம் முறிந்துபோம் என்று கையுறை போட்டுத்தான் வேலை. டின்களின் உள்பக்கத்தைக் கழுவவேயில்லை.

வெய்யில் எறித்தது. அறை சூடேறியது. கூடவே பியர் மணம், குப்பென்று! அந்த நேரம் பார்த்துக் கதவில் தட்டு. ஏஜெண்ட்.

உங்கட அம்மா திரைச்சீலையை இழுத்துவிட்டு உன்னை நெஞ்சோடு அணைத்தா. அவன் மூக்கைச் சுருக்கினான். கைக்குழந்தை இருக்கிற அறையில் ஆர் குடிக்கிறது என்று இங்கிலீசில் கத்திக்கொண்டே யன்னலைத் திறக்கப் போனான். திரையைத் தொட்டானென்றால் நாங்கள் றோட்டில்.

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த அண்ணை, நெற்றி நிறைய விபூதியோடு குறுக்கே பாய்ந்தார்.

"சேர்! ஐ ட்ரிங்க்! மோர்னிங் ட்ரிங்க், ஈவினிங் ட்ரிங்க்! தே குட் பீப்பிள்!"

ஒரு தள்ளாட்டம் வேறு. குடித்தறியாத மனிசன், கூத்து ராசா மாதிரி ஆடினார்.

ஏஜெண்ட் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டுப் படியிறங்கினான். மற்ற அறைக்காரர் கேட்டு, கதை கோயில் வரைக்கும் போய்விட்டது. "விரதக்காரர் பியர் அடிக்கிறாராம்!" என்று சிரித்தார்கள்.

"இல்லையெண்டு சொல்லுங்கோவன் அண்ணை."

"சொன்னால் பெட்டிக் கதையும் வெளியில வரும் தம்பி. விடும். பிள்ளை இருமாமல் படுக்கட்டும்."

அடுத்த நாள் அவர் ஷிப்டுக்குப் போன பிறகு, பெட்டியை மெல்ல உள்ளே இழுத்தேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒவ்வொரு குழாயாக ஊற்றிக் கழுவினேன். கை முழுக்கப் பியர். காயவைத்து, அவர் போட்ட முடிச்சு மாதிரியே போட்டுத் திரும்பத் தொங்கவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.