மட்கார்டில் ஓர் ஒடுக்கு

"யாரு என் காரை இடிச்சது?" என்று நமசிவாயம் மூன்றாவது தடவையாகக் கத்தினார். மனைவி கோமதியம்மாள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வரும் முப்பிடாதி, கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

கறுப்பு அம்பாசிடர் வீட்டுக்கு வந்து ஐந்தே நாள். மேலகரம் ஊரே வந்து கண்ணை விரித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. நாளைக் காலை மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அதில்தான் வீரகேரளம்புதூர் போகவேண்டும். புதுக் காரில் வருவதாகச் சம்பந்தி வீட்டுக்குக் கடிதம் வேறு போட்டாயிற்று. இப்போது பார்த்தால் முன்பக்க மட்கார்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் ஒடுக்கு.

"சின்னதுதானே. இருந்துட்டுப் போவட்டுமே," என்றாள் கோமதியம்மாள்.

"இருக்கட்டுமா? பழைய காரை வாங்கிட்டுப் புதுசுன்னு பீத்துதான்னு சம்பந்தி வீட்டுல சொல்ல மாட்டாவளா?"

பட்டறையில் விட்டால் பொழுது சாய்வதற்குள் தென்காசி முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே ஒடுக்கைத் தானே எடுப்பதென்று முடிவு செய்தார். ஜவுளிக்கடை வைத்திருந்த அவருக்குத் துணி கிழிக்கத்தான் தெரியும். அடுத்த வீட்டுப் பரீது சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவர் யோசனை சொன்னார்.

"உள்பக்கமா மரச்சுத்தியலால மெதுவா ஒரு தட்டு தட்டுங்க, அண்ணாச்சி."

நமசிவாயம் மட்கார்டுக்கு அடியில் தலையை விட்டுத் தட்டினார். குழி போய்விட்டது. அந்த இடத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு மேடு வந்திருந்தது.

"மெதுவான்னு சொன்னேனே!"

"மெதுவாத்தான் வே தட்டுனேன்!"

மேட்டை வெளியிலிருந்து அடித்தார். ஒரு மேடு இரண்டானது. பெயிண்டும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"ஏங்க, இத்தோட விட்டுருங்களேன்," என்றாள் கோமதியம்மாள்.

"நீ உள்ள போ!"

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளத்தை நிரப்பும் பட்டியைப் பூசியதும் ஒருவழியாக எல்லாம் சமமானது. இனி பட்டி காயவேண்டும். அந்த நேரம் பார்த்துக் குற்றாலத்துச் சாரல் மேலகரத்துக்கு வந்து சேர்ந்தது. ஊரே காத்துக் கிடந்த சாரலை நமசிவாயம் சனியன் என்று திட்டினார். காரைக் கொட்டகைக்குள் தள்ளியும் பட்டி மதியம் வரை பிசுபிசுவென்றே இருந்தது.

"இஸ்திரிப் பெட்டியில கங்கு போட்டுப் பக்கத்துல காட்டுங்க. காஞ்சிரும்," என்றார் பரீது.

காட்டினார். பட்டி காய்ந்தது. பக்கத்தில் நன்றாக இருந்த பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்தது.

வேறு வழியில்லாமல் மட்கார்டு முழுவதையும் சுரண்டிவிட்டுப் பிரைமர் அடித்தார். பரீதிடம் இருந்தது சிவப்புப் பிரைமர்தான்.

"இதுக்கு மேல கறுப்பு அடிச்சா ஒண்ணும் தெரியாது, அண்ணாச்சி."

"சரி, கறுப்பைக் கொண்டாரும்."

"கறுப்புக்குத் திருநெல்வேலிதான் போவணும்."

சாயங்காலம் பார்த்தால், கறுப்புக் காரில் ஒரு பக்க மட்கார்டு மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. சாரல் ஈரத்தில் பிரைமர் காயாமல் கதவு வரை வழிந்திருந்தது. நமசிவாயத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"மானம் போச்சு. நாளைக்கு பஸ்ஸுலயே போவோம்," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

முப்பிடாதி வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கோமதியம்மாளிடம் திரும்பினாள்.

"எக்கா, திருஷ்டிக்கு அண்ணாச்சியே இம்புட்டுப் பெரிய பொட்டு வப்பாவன்னு தெரிஞ்சிருந்தா, நேத்து நாம ஒலக்கைய எடுத்து ஒரு போடு போட்டிருக்கவே வேண்டாமே!"