நேராக்கிய ஹாண்டில்

சைக்கிளை இடப்பக்கம் திருப்பினால் கியர் தானாக மாறியது. வலப்பக்கம் திருப்பினால் மாறிய கியர் பழைய இடத்துக்கு வந்தது. கையால் மாற்றினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

கொக்குவில் புகையிரதக் கடவைக்கு முன்னால் இறங்கி நின்ற சோமசேகரத்தாருக்கு வியர்த்துக் கொட்டியது. முப்பத்துநாலு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். விடை வராத கணக்கு அவருக்குப் புதிதல்ல. ஆனால் இந்தக் கணக்குக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் விடை வந்தாக வேண்டும். இன்றைக்குப் புதன்.

சைக்கிள் அவருடையதாக இருந்திருந்தால் இவ்வளவு பதற்றம் இல்லை. அது மகள் வித்தியாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை பிரவீணனுடையது. ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார். போன சித்திரையில் சுவிஸிலிருந்து வந்தபோது பெரிய பெட்டியொன்றில் போட்டுக் கொண்டுவந்த சைக்கிள். அங்கே சைக்கிளில்தான் மலையேறுவதாக வித்தியாவிடம் சொல்லியிருந்தார். திரும்பிப் போகும்போது, "கலியாணத்துக்கு வரேக்கை எடுக்கிறன் மாமா, பத்திரமா வைச்சிருங்கோ" என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்.

சோமசேகரத்தாரும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். ஒரு விடிகாலை சும்மா ஏறிப் பார்க்கும் வரைக்கும். பெடலைத் தொட்டதும் அது காற்றாகப் போயிற்று. ஒரு மாதத்துக்குள் அவருக்கு அந்தச் சைக்கிள் இல்லாமல் பொழுது விடியாது என்றாகிவிட்டது. ஒரேயொரு குறை, ஆட்டுக் கொம்பு போலக் கீழே வளைந்திருந்த ஹாண்டில். அதைப் பிடிக்கக் குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. தன்னிடம் படித்த நிருஷனின் சைக்கிள் கடைக்குப் போய், "உந்த ஹாண்டிலை நேராக்கிவிடு. மாப்பிள்ளை வர முதல் பழையபடி மாத்துவம்" என்றார்.

பழைய ஹாண்டிலில் பிறேக்கும் கியரும் ஒரே பிடியில் இருந்தன. அந்தப் பிடி நேர் ஹாண்டிலில் இருக்காது என்று, நிருஷன் வேறொரு சைக்கிளின் கியர்ப் பிடியை எடுத்துப் பூட்டினான். அன்று பிடித்தது சனியன்.

கடவையிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டே கடைக்குப் போனார்.

"சேர், நேர் ஹாண்டில் அகலமெல்லோ. கேபிள் கட்டையாப் போச்சு. நீங்கள் திருப்ப அது இழுபடுது. அதுதான் கியர் மாறுது" என்றான் நிருஷன்.

நீளமான கேபிள் போட்டான். இப்போது திருப்பினால் கியர் மாறவில்லை. ஆனால் கையால் மாற்றினால், 'கறகற' என்று அரைத்துவிட்டுச் செயின் இரண்டு பல்லுச் சில்லுக்கு நடுவில் நின்று யோசித்தது.

சோமசேகரத்தார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு குந்தினார்.

"நிருஷன், பின்னுக்கு எத்தினை பல்லுச் சில்லு?"

"ஒம்பது சேர்."

"நீ பூட்டின பிடியிலை எத்தினை கியர்?"

"எட்டு."

"அப்ப மிச்சம் ஒண்டு எங்கை போறது?"

"அந்த ஒண்டைப் பாவிக்காமல் விட்டால் சரி சேர்."

வகுப்பிலும் மிச்சத்தை எழுதாமல் விட்டவன்தான் இவன் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

வீட்டுக்குப் போய் அடிமட்டத்தை வைத்துக் கேபிளை அளந்தார். எட்டுக் கியர்ப் பிடி ஒரு சொடுக்குக்கு இரண்டு தசம் எட்டு மில்லிமீற்றர் இழுத்தது. ஒன்பது சில்லுக்கு வேண்டியது இரண்டு தசம் ஐந்து. ஒவ்வொரு சொடுக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழை சேர்ந்து, ஏழாவது சொடுக்கில் கிட்டத்தட்ட ஒரு சில்லே தள்ளிப்போய்விடும். கணக்கு அழகாக விளங்கியது. கியர்தான் விளங்கவில்லை.

"உதென்ன, சைக்கிளுக்குச் சோதினை வைக்கிறியளோ?" என்று கேட்டபடி மனைவி கமலாவதி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கியர் வேலை செய்யுதில்லை, கமலா."

"யாழ்ப்பாணத்திலை ஏறுறதுக்கு எந்த மலை கிடக்கு? கியர் என்னத்துக்கு?"

"நீர் பேசாமல் இரும். திங்கள் காலமை மாப்பிள்ளை உந்தச் சைக்கிளிலையும் நான் என்ரை பழைய சைக்கிளிலையும் சன்னதிக்குப் போறதெண்டு கதைச்சு வைச்சிருக்கு. வல்லை வெளியிலை எதிர்க்காத்து அடிக்கேக்கை தெரியும் கியர் என்னத்துக்கெண்டு."

தொண்டைமானாற்றுச் சன்னதி முருகன் கோயிலுக்குச் சைக்கிளில் போகும் யோசனை அவருடையதுதான். தொலைபேசியில் கேட்டபோது மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓம் மாமா, போவம்" என்றிருந்தார். அந்தப் பணிவு சோமசேகரத்தாரை உருக்கிவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளை ஆசையாக வாங்கிய சைக்கிளை இந்தக் கோலம் பண்ணி வைத்திருந்தால் என்ன நினைக்கும்? நம்பி விட்டுப் போன பொருளிலேயே கை வைக்கிற மனுசன் என்றுதானே நினைக்கும்!

வியாழக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாவற்றையும் கழற்றி, பழைய ஹாண்டிலையே பூட்டிவிட வேண்டியது. பின் விறாந்தை மூலையில் பார்த்தார். சாக்கைக் காணவில்லை.

"கமலா! இதிலை ஒரு சாக்குக்குள்ளை ஹாண்டில் வைச்சனானெல்லே?"

"அந்த வளைஞ்ச கம்பியோ? செவ்வாய்க்கிழமை பழைய இரும்புக்காரன் வந்தவன். குடுத்திட்டன்."

சோமசேகரத்தார் வெறும் மூலையை இன்னொரு தரம் பார்த்தார்.

"சும்மா குடுக்கேல்லை" என்றாள் கமலாவதி பெருமையாக. "வாளி ஒண்டு தந்தவன்."

கிணற்றடியில் பச்சை நிறத்தில் ஒரு புது வாளி இருந்தது.

வெள்ளிக்கிழமை, கைத்தொலைபேசியில் ஒரு வெள்ளைக்காரன் கியர் திருத்தும் காணொளியைப் பார்த்தார். பின்சில்லுக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்குறூ இருக்கும், அவைதான் செயின் எல்லை தாண்டாமல் காவல் காக்கிறவை என்று அவன் சொன்னான். எதை எந்தப் பக்கம் திருப்புவதென்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது கமலாவதி மிக்சியைப் போட்டுவிட்டாள். சோமசேகரத்தார் அனுமானத்தில் திருப்பினார். ஒழுங்கைக்குள் ஓடிப் பார்த்தபோது செயின் எல்லை தாண்டி, சில்லுக்கும் கம்பிகளுக்கும் இடையில் விழுந்து இறுகியது. சைக்கிள் நின்றது. அவர் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிளுவை வேலிதான் அவரை ஏந்திக்கொண்டது.

சனிக்கிழமை நிருஷன் சைக்கிளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"செயினைத் தள்ளுற கையை வளைச்சுப் போட்டீங்களே சேர்!"

"நிமித்தலாமோ?"

"நிமித்தலாம். உடைஞ்சாலும் உடையும்."

"ஐயோ, தொடாதை!"

கரவெட்டியில் ஒரு சிநேகிதனிடமிருந்து ஒன்பது கியர்ப் பிடியொன்றை நிருஷன் வரவழைத்திருந்தான். கணக்குப்படி அதுதான் சரியான பிடி. பூட்டினார்கள். ஆனால் வளைந்த கை கணக்குக்கு அடங்கவில்லை. ஒன்பது கியரில் நடுவில் இருந்த ஒன்று மட்டும் நின்றது. மற்றதெல்லாம் நழுவியது.

"இப்ப இது ஒரு கியர்ச் சைக்கிள் சேர்" என்றான் நிருஷன். "பேசாமல் உண்மையைச் சொல்லிப்போடுங்கோ."

உண்மையைச் சொல்வது பற்றிச் சோமசேகரத்தார் வகுப்பில் நிறையச் சொல்லியிருக்கிறார். அது கியர் இல்லாத காலம்.

ஞாயிறு பத்து மணிக்கு வான் வந்து நின்றது. பிரவீணனும் அவருடைய தங்கை தனுசியாவும் இறங்கினார்கள். கமலாவதி பயித்தம் பணியாரமும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். வித்தியா வெட்கத்தோடு தேத்தண்ணி கொடுத்தாள். சோமசேகரத்தார் மாப்பிள்ளையின் சுகத்தை மூன்று தரம் விசாரித்தார். சைக்கிள் என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. இப்படியே திங்களும் போய்விட்டால் நல்லது என்று சன்னதி முருகனுக்கு நேர்த்தி வைத்தார்.

"இஞ்சேருங்கோ, தம்பிக்குச் சைக்கிளைக் காட்டேல்லையோ?" என்றாள் கமலாவதி.

வேறு வழியில்லை. உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். பிரவீணன் எழும்பி வந்தார். முன்சில்லைப் பார்த்தார். சீற்றைத் தடவினார். நேர் ஹாண்டிலில் கையை வைத்தார். சோமசேகரத்தார் கிணற்றடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லாத் துடைச்சு வைச்சிருக்கிறீங்கள் மாமா" என்றார் மாப்பிள்ளை.

அவ்வளவுதான். ஹாண்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்டுவிட்டு வெளிக்காட்டாமல் இருக்கிறார் என்று சோமசேகரத்தாருக்கு விளங்கியது. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தப் பெருந்தன்மைதான் குத்தியது.

"தம்பி, ஒழுங்கை முடியுமட்டும் ஒருக்கா ஓடிக் காட்டுங்கோவன்" என்றாள் கமலாவதி. "வித்தியாவும் பாக்கேல்லை."

"வேண்டாம்!" என்றார் சோமசேகரத்தார்.

"வேண்டாம்!" என்றார் பிரவீணன்.

இருவரும் ஒன்றாகக் கத்தியதில் மதிலில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

"ரயருக்குக் காத்துக் காணாது" என்றார் சோமசேகரத்தார் அவசரமாக.

"ஓம் ஓம், காத்துக் காணாது" என்றார் பிரவீணன் அதைவிட அவசரமாக.

"வெயிலும் சுடுது."

"சரியான வெயில் மாமா."

"நாளைக்குச் சன்னதிக்கும் உந்த வானிலையே போவம். என்ன தம்பி?"

"நானும் அதைத்தான் யோசிச்சனான்!"

தன்னைக் காப்பாற்றத்தான் பிள்ளை இப்படி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறது என்று நினைக்க, சோமசேகரத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு மேலும் மறைத்தால் தான் மனுசனில்லை. மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்கள் பெரிய மனசு பண்ணிப் பேசாமல் இருக்கிறியள். எனக்குத் தெரியும். நான்தான் ஹாண்டிலை மாத்தினனான். கியரையும் பழுதாக்கிப்போட்டன். பழைய ஹாண்டில் இரும்புக்காரனட்டைப் போயிட்டுது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பிரவீணனின் முகம் வெளிறியது. சைக்கிளைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மறுபடியும் சைக்கிளைப் பார்த்தார்.

"மாத்தினனீங்களோ?" என்றார் மெதுவாக. "அப்ப... முந்தி எப்பிடி இருந்தது?"

வித்தியா பிரவீணனையே உற்றுப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

விறாந்தையில் இருந்த தனுசியா வாயிலிருந்த பயித்தம் பணியாரத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"மாமா, அண்ணாவுக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது."