நான்காம் விதியும் கலங்கிய தொட்டியும்

மதிப்பிற்குரிய மீன்தொட்டி அரட்டைக் குழு நிர்வாகி அவர்களுக்கு,

இங்கு நான் நலம். தங்கள் நலமும் தங்கள் தொட்டியின் நலமும் அறிய விருப்பம். மரியாதை இத்துடன் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்; உங்கள் விதிகளை நான் அப்படித்தான் படித்துத் தொலைத்தேன்.

நான் தபால்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் ஒரு தங்கமீன். சாப்பிட்டுவிட்டு முறைப்பதால் அதற்குச் சம்பந்தி என்று பெயர். ஒருநாள் சம்பந்தி மல்லாந்து மிதந்தார். பதறிப்போய் உங்கள் பொது அறையில் தமிழில் கேட்டேன், நீக்கினீர்கள். கருவியில் மாற்றிப் போட்டேன். அது என்ன உளறியதோ, எல்லாரும் கைதட்டினார்கள். மறுபடி தமிழில் கேட்டேன், பொது அறையில் பொது மொழி மட்டுமே என்ற நான்காம் விதிப்படி 'பிற மொழிகள்' அறைக்குத் தள்ளினீர்கள். அந்த அறையில் யார் பேசுவதும் யாருக்கும் புரியாது, அதனால் சண்டையே கிடையாது. அங்கே ஒருவர், ஆணா பெண்ணா தெரியாது, சம்பந்தியின் நிலையைப் பார்த்ததும் படமாக அனுப்பினார்: முதலில் காலிக் கிண்ணம், பிறகு வேகவைத்த பட்டாணி, அப்புறம் அதே பட்டாணி தோலில்லாமல். அப்படியே பட்டினி போட்டேன், பட்டாணி கொடுத்தேன். சம்பந்தி நிமிர்ந்து பழையபடி முறைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதருக்குப் பட்டாணி என்றே பெயர் வைத்தேன். அன்று முதல் நான் தமிழில் சொல்வேன், அவர் தன் மொழியில் ஏதோ சொல்வார், பேச்சு நிற்கவே நிற்காது.

போன வாரம் பட்டாணி தன் தொட்டியைப் படமெடுத்துப் போட்டார். தண்ணீர் பாலாகக் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மூடியின்மேல், அவர் படங்களில் எப்போதும் இருக்கும் காதுடைந்த பச்சைக் குவளை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும், பட்டுத் தெரிந்துகொண்டது. நான் தட்டி முடிப்பதற்குள் அறையையே இழுத்து மூடிவிட்டீர்கள். என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை எனப் பொது அறையில் புகாராம். எங்களுக்கு மட்டும் புரிந்ததா?

"பொது மொழியில நான் எழுதித் தரேன்பா, பொது அறையில போட்டுடலாம்" என்றாள் என் மகள்.

"அந்த மொழி தெரிஞ்சிருந்தா பட்டாணி எதுக்கும்மா அந்த அறைக்கு வராரு?" என்றேன்.

நான் வேலையில் இருந்த காலமெல்லாம், படிக்கத் தெரியாத எழுத்தில் எத்தனையோ உறைகள் வந்தன. புரியவில்லை என்று ஒன்றைக்கூடக் குப்பையில் போட்டதில்லை. ஆகவே அறையைத் திறங்கள். அங்கே மீன்கள் மூச்சுக்குத் தவிக்கின்றன. திறக்கும்வரை பொது அறையில் தமிழில் எழுதிக்கொண்டே இருப்பேன். நீங்கள் நீக்குங்கள், நான் எழுதுகிறேன். உங்களுக்கு ஆயிரம் வேலை, எனக்கு இது ஒன்றுதான்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் என் அன்பு. தங்கள் மீன்கள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
அடங்காத உறுப்பினர்

பி.கு.: இதை அனுப்ப உங்கள் பக்கத்தைத் திறந்தோம். மகள் உங்கள் புகைப்படத்தைப் பெரிதாக்கினாள். "அப்பா, அவருக்குப் பின்னால பாருங்க." தொட்டி, மூடி, மேலே பச்சைக் குவளை. காது உடைந்திருக்கிறது. பொது மொழியில் பக்கம் பக்கமாக விதி எழுதத் தெரிந்த நீங்கள் அந்த அறைக்கு எதற்கு வந்தீர்கள் என்று கேட்க மாட்டேன், எனக்குத் தெரியும்: சொந்த மொழியில் பேச உங்களுக்கும் வேறு இடமில்லை. மேலே திட்டியதை எல்லாம் அடித்துவிடுங்கள், நான்காம் விதியையும் சேர்த்து. தண்ணீரை முழுவதும் மாற்றாதீர்கள் பட்டாணி, தினமும் கால்வாசி போதும். இரண்டு நாள் இரை வேண்டாம். வடிகட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடாதீர்கள். தொட்டி தெளிந்ததும் சொல்லுங்கள், பொது அறையிலேயே, உங்கள் மொழியில்.