எறும்பு ஏறிய பாட்டில்

என்னைப் பற்றிப் பெருமையாகப் பேச எனக்கு வெட்கமே கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கப்பல் ஏறியவன் நான். இன்று பினாங்கில் எண்ணெய்க்காரர் முதல் அத்தர்க்காரர் வரை யாருக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டுமென்றாலும் என் கிடங்குக்குத்தான் வர வேண்டும். (பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வருகிறார்கள்.) பெரிய மகன் வக்கீல். சின்னவன் வக்கீலை விட அதிகம் பேசுவான். எல்லாம் இந்த இரண்டு கையால் சம்பாதித்தது.

ஆனால் பெருமைக்காரனிடம் ஒரு கோளாறு உண்டு. தப்புச் செய்யும்போதும் தன் திறமையைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டேதான் செய்வான். நான் அப்படிச் செய்த ஒரு காரியத்தை இன்றுவரை என் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. காது கேட்காமல் போவதற்குள், பல் எல்லாம் போவதற்குள், எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால் இருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயது. சூலியா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, சிடுசிடு முகம். என் வேலை தரை துடைப்பது, ஊசியை வெந்நீரில் போட்டு எடுப்பது, பரிசோதனைக்கு வருகிறவர்களைத் தயார் செய்வது. முதல் இரண்டையும் நான் வெளியே சொல்வதில்லை. மூன்றாவதை மட்டும் சொல்லி, தெருவில் என்னைச் "சின்ன டாக்டர்" என்று கூப்பிட வைத்திருந்தேன். (நானே நாலு பேரிடம் போய் அப்படிக் கூப்பிடச் சொன்னேன் என்பது வேறு விஷயம்.)

தயார் செய்வது லேசான வேலை இல்லை. ரத்தம் எடுக்கும் நாளில் ரப்பர் குழாயை மேல்கையில் இறுக்கிக் கட்டி, விரலை மடக்கச் சொல்லி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, "வீட்டுல எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்பேன். அவர் எண்ணி முடிப்பதற்குள் டாக்டர் ஊசியைப் போட்டு எடுத்திருப்பார். ஒருமுறை பிள்ளையே இல்லாத ஒருவரிடம் கேட்டுவிட்டேன். ஊசிக்கு அழாதவர் அதற்கு அழுதார்.

சிறுநீர் இன்னும் சிக்கல். "பாட்டில வெந்நீர்ல மூணு வாட்டி கழுவணும், வெயில்ல காய வைக்கணும். காலையில முதல்ல வர்றதக் கீழ விடணும். நடுவுல வர்றதப் பிடிக்கணும். கடைசியில வர்றத மறுபடி கீழ விடணும்" என்று நான் நின்றபடி சொற்பொழிவு செய்வேன்.

"நடுவுல நிறுத்துறதுக்கு இது என்ன தெருக் குழாயா?" என்று ஒரு ரிக்‌ஷாக்காரர் கேட்டார். மறுநாள் ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து, "எது நடுவுல வந்துதுன்னு நீங்களே பாத்து எடுத்துக்குங்க" என்றார். சர்க்கார் கச்சேரி கிளார்க் ஒருவர் வெட்கப்பட்டு அத்தர் பாட்டிலில் மூன்று சொட்டுக் கொண்டுவந்தார். டாக்டர் அதைச் சூடாக்கியதும் அறையே கல்யாண வீடு மாதிரி மணத்தது. அன்று எனக்கு விழுந்த திட்டு இருக்கிறதே! "பாத்திரம் சுத்தமில்லை எண்டால் அது உம்மடை பிழை. இன்னொருக்கால் இப்பிடி நடந்தால் நீர் வேலைக்கு வரவேண்டாம்."

அந்தத் திட்டு விழுந்த மறுவாரம்தான் காதர் அண்ணன் வந்தார்.

காதர் அண்ணன் நாசி கண்டார், அதாவது காவடியில் தூக்கி வரும் சோறு, விற்பவர். தோளில் கம்பு, இந்தப் பக்கம் சோற்று அண்டா, அந்தப் பக்கம் கறிச் சட்டிகள். காலையில் கிளம்பித் துறைமுகம்வரை நடந்து, மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்புவார். நான் கப்பலிலிருந்து இறங்கி, போக இடம் தெரியாமல் நின்றபோது, "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் நான் ஒரு வருஷம் படுத்திருந்தேன்.

துறைமுகத்துப் பலகையிலிருந்த ஆணி ஏறி, அவருக்குக் கால் கட்டைவிரலில் புண். இரண்டு மாதமாக ஆறவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "இனிப்பு நீர் இருக்கோ எண்டு பாக்கவேணும். நாளைக்கு ஒண்டும் சாப்பிடாமல் சலம் கொண்டுவாரும்" என்றார். சலம் என்றால் அவர் ஊரில் சிறுநீர். இனிப்பு நீர் என்றால் சர்க்கரை வியாதி. "அதிலை தெரிஞ்சால் உடனே ரத்தமும் எடுப்பம். பிந்தினால் கால் போயிடும்."

வெளியே வந்ததும் காதர் அண்ணன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, சாப்பிடாம இருக்குறது எனக்கு ஒண்ணுமில்ல. நோன்பு வைக்கிறவன்தானே. ஆனா கறிய ருசி பாக்கணுமே லா?"

"கூடாதுண்ணே."

"நாக்குல ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரோட மருந்து கண்டுபிடிச்சிரும்." (எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சொல்ல நன்றாக இருந்தது, சொன்னேன்.)

"இருவது வருசமா ருசி பாக்காம ஒரு சட்டி இறக்குனதில்ல, தம்பி."

"காலா, கறியான்னு முடிவு பண்ணிக்குங்க" என்றேன். அவ்வளவு பெரிய பேச்சு.

மறுநாள் விடிந்து சிறிது நேரத்தில் பின்வாசலில் வந்து நின்றார். தோளில் கம்பு, மடியில் துணி சுற்றிய பாட்டில். ரோஸ் சர்பத் பாட்டில்.

"மூணு வாட்டி கழுவுனேன். நீ சொன்ன மாதிரியே முதல்ல, நடுவுல, கடைசியில எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் தின்னல, கறியத் தொடல. மீன் கறியில உப்பு எப்பிடி இருக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"நான் பாத்துக்கிறேன், போய்ட்டுப் பத்து மணிக்கு வாங்க" என்றேன். நொண்டிக்கொண்டே துறைமுகத்துக்குப் போனார்.

பின்ஜன்னல் கட்டையில் ஏற்கெனவே ஐந்து பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஆறாவதாக இதை வைத்து, சோற்றுப் பசையால் பெயர்ச் சீட்டு ஒட்டிவிட்டுத் தரை துடைக்கப் போனேன். திரும்பி வந்தபோது சுவரில் ஒரு கறுப்புக் கோடு. எறும்பு. கீழே சாக்கடையிலிருந்து கிளம்பி, சுவர் ஏறி, ஐந்து பாட்டிலையும் தாண்டிக் காதர் அண்ணன் பாட்டிலில் போய் மொய்த்திருந்தது. அடைத்திருந்த துணி தெரியவில்லை, அத்தனை எறும்பு.

இந்த இடத்தில் படிக்கிற உங்களுக்கு விளங்கிவிட்டிருக்கும். நோயின் பெயரே இனிப்பு நீர். மூன்றாம் வகுப்புகூட வேண்டாம், கண் இருந்தால் போதும். ஆனால் எனக்குத் தெரிந்தது பாட்டிலில் இருந்த ரோஸ் பூப் படம்தான். "இந்த மனுசன் சர்பத்தைச் சரியாகக் கழுவவில்லை" என்று நினைத்தேன். அத்தர் பாட்டில் திட்டு காதில் ஒலித்தது. டாக்டர் வர இன்னும் அரை மணி. காதர் அண்ணன் துறைமுகத்தில்.

நான் சுறுசுறுப்பான ஆள். பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். வெந்நீர் ஊற்றி மூன்று வாட்டி இல்லை, ஐந்து வாட்டி கழுவினேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நானே நிரப்பினேன். எவ்வளவு ஒழுங்காக என்கிறீர்கள்! முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதைப் பிடித்து.

டாக்டர் வந்தார். நீல மருந்தில் சில சொட்டு விட்டு விளக்கில் காட்டினார். சர்க்கரை இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வரும். அது நீலமாகவே நின்றது. டாக்டர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு முறை செய்து பார்த்தார். அப்போதும் நீலம். என் நீர் அவ்வளவு சுத்தம். பக்கத்தில் நின்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்து மணிக்குக் காதர் அண்ணன் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"கறி உப்பா, கடலான்னு கேக்குறானுங்க. ஒருத்தன் தட்டோட கடல்லயே கொட்டிட்டான்."

"அத விடுங்கண்ணே. உங்களுக்கு இனிப்பு நீர் கிடையாது! ரத்தமும் எடுக்க வேணாம்!"

கம்பை இறக்கிவைத்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தார். ஊசி என்றால் குழந்தை மாதிரி பயப்படுகிற ஆள். டாக்டர் புண்ணுக்குக் களிம்பு கொடுத்து, நடக்க வேண்டாம் என்றார். நான் வாசல்வரை போய், "இனிமே நல்லா சாப்பிடுங்க" என்று என் பங்குக்கு வைத்தியம் சொன்னேன். சாப்பிட்டார். இரண்டு மடங்கு சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்தார். இனிப்புப் பலகாரம் வாங்கி எனக்கும் கொடுத்தனுப்பினார்.

ஆறு வாரத்தில் கட்டைவிரல் கறுத்தது. பிறகு பாதம் வீங்கியது. தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் தன் கண் முன்னாலேயே பாட்டிலில் பிடிக்கச் சொல்லி, தன் கையாலேயே சூடாக்கினார். நீலம் கண்ணை மூடித் திறப்பதற்குள் செங்கலாகிப் போனது.

"அண்டைக்குப் பாத்ததிலை இல்லையே?" என்றார் என்னைப் பார்த்து.

சொன்னேன். எறும்பையும் சேர்த்துத்தான் சொன்னேன். சத்தம் போடுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழுவினார். "எறும்பைக் கண்டனீர்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நாளையிலிருந்து வரவேண்டாம்."

பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் மனைவி தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கு டாக்டர் பாத்தது உன்னோடதா?"

"ஆமாண்ணே."

"உனக்கு இல்லையா?"

"இல்லண்ணே."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சுவரிடம் சொல்கிற மாதிரி, "அன்னிக்கு அந்த மீன் கறிய நான் ருசி பாத்திருக்கலாம்ல, தம்பி" என்றார்.

நான் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெளியே ஓடி வந்துவிட்டேன்.

வேலை போன பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பாட்டில் கழுவுவது. அதையே வியாபாரமாக்கினேன், மேலே வந்தேன். முதல் கடைக்கு முன்னால் நிழலான இடத்தைக் காதர் அண்ணனுக்கு ஒதுக்கினேன். கம்பு தூக்க முடியாதவர் அங்கே உட்கார்ந்து சோறு விற்றார். தினமும் ஊசி போட்டுக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். ஒரு நாள்கூட என்னைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

என் பிள்ளைகள் வளர்ந்து, "காதர் மாமா, கால் எங்க?" என்று கேட்ட நாளில் நான் கல்லாவில் இருந்தேன். காசை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"பாலிக் புலாவ் போனேன் லா. டுரியான் மரத்தடியில கால நீட்டிப் படுத்தேனா? மேலேருந்து ஒண்ணு விழுந்துச்சு பாரு! இவ்ளோ பெருசு! கால் போச்சு. ஆனா பழத்த விடல, முழுசாத் தின்னுட்டுத்தான் வந்தேன்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அவர் போய்விட்டார். கதை போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் டுரியான் பருவத்தில் என் வீட்டில் பழம் பிளக்கும்போது பேரப்பிள்ளைகள், "காதர் தாத்தா கால வாங்குன பழம்!" என்று கூவுவார்கள். வக்கீல் மகன் அந்தக் கதையைக் காதர் அண்ணன் குரலிலேயே சொல்லிக் காட்டுவான். வீடே அதிரும். சுளை ஒவ்வொரு தட்டாகப் போகும். என் தட்டுக்கு மட்டும் வராது. பல வருஷமாக நான் அதைத் தொடாததைப் பார்த்து, மாமனாருக்கு இனிப்பு நீர் இருக்கிறது, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார் என்று மருமகள் தானாக முடிவு செய்துவிட்டாள்.

எனக்கு அந்த நோய் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. அவளிடம் அதை நான் சொல்லவில்லை.