ஒயர் இல்லாத பொத்தான்

பணக்காரனாகிவிடுவது என்று லிஃப்ட் மெக்கானிக் தீர்மானம் செய்தது ஒரு சம்பள நாளில். சம்பள நாள் தீர்மானங்களுக்கு ஆயுசு கம்மி என்பது அவனுக்கே தெரியும். போன மாதம் டீயை விட்டான். டீதான் அவனை விடவில்லை. ஆனால் இந்த முறை காரணம் வலுவாக இருந்தது.

வீட்டுக்குக் கீழே, தெருவைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன அறை. அதில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அடுத்த வருஷம் காலி செய்யப் போகிறார் என்று வீட்டுக்காரர் சொன்னார். மெக்கானிக்கின் மனைவி தையல்காரி. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே மிஷினைப் போட்டுக்கொண்டு ஊராருக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். கட்டிலில் இவன் காலை நீட்டினால் மிஷின் பெல்ட்டில் இடிக்கும். அந்த அறை கிடைத்தால் அவளுக்குக் கடை, இவனுக்குக் கால் நீட்ட இடம். அட்வான்ஸ் சேர்ப்பது ஒன்றுதான் பாக்கி.

"இனிமே சம்பளத்துல கால்வாசி சேமிப்பு. கையில வந்ததும் முதல் வேலை அதுதான்" என்று அறிவித்தான்.

"ரொம்ப நல்லது. பாங்க்ல போட்டுடலாமா?"

"பாங்க்லயா? பாங்க்ல போட்ட பணம் குறட்டை விட்டுத் தூங்கும். நம்ம பணம் ஓடணும்."

"ஓடியே போயிட்டா?"

"அபசகுனமா பேசாதே. ஷேர் வாங்கப் போறேன். மாடிவீட்டு அண்ணன் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கார்."

மாடிவீட்டு அண்ணன் செருப்புக்கடையில் விற்பனையாளர். எந்த ஷேரைப் பற்றிக் கேட்டாலும் கண்ணை மூடி, ஒரு நிமிஷம் யோசித்து, "ஏறும்" என்பார். அதனால் தெருவில் அவருக்கு 'ஏறும்' அண்ணன் என்றே பெயர். அவர் சொன்னதில் எது ஏறியது என்று யாரும் விசாரித்ததில்லை. இத்தனை வருஷமாக அவரும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார் என்பதைக் கவனித்தவள் தையல்காரி ஒருத்திதான்.

"ஷேர் வாங்கினா பொறுமையா இருக்கணும்பாங்க. உங்களுக்குக் கை சும்மா இருக்காதேங்க."

"யார் சொன்னா?"

"தொட்டியில தக்காளி விதை போட்டீங்களே, முளைச்சுதா?"

"அது விதை சரியில்லை."

"தினமும் தோண்டித் தோண்டி முளைச்சிடுச்சான்னு பார்த்தா எந்த விதைங்க சரியா இருக்கும்?"

மாட்டிக்கொண்டால் பேச்சைத் தொழிலுக்குத் திருப்புவது மெக்கானிக்கின் வழக்கம்.

"இன்னிக்கு ஒரு ஆபீசர் என்னைப் பிடிச்சுக்கிட்டார். லிஃப்ட்ல கதவை மூடுற பொத்தான் வேலை செய்யலையாம். குத்து குத்துன்னு குத்தறார். எனக்குச் சிரிப்பு தாங்கலை."

"ஏன், ரிப்பேரா?"

"ரிப்பேராவது! அந்தப் பொத்தானுக்கு ஒயரே கிடையாது. நாங்கதான் கழட்டி விட்டோம். கதவு தன் நேரத்துக்குத் தானா மூடிக்கும்."

"அப்ப பொத்தான் எதுக்கு?"

"அங்கதான் இருக்கு சூட்சுமம்! பொத்தான் இல்லைன்னா மனுஷன் சும்மா நிப்பானா? கதவைப் பிடிச்சு இழுப்பான். லிஃப்டே கெட்டுப் போகும். கை சும்மா இருக்காதவனுக்கு அமுக்க ஒண்ணு கொடுத்துட்டா, அவனுக்கும் திருப்தி, லிஃப்டுக்கும் நிம்மதி."

தையல்காரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். "அப்படியா!" என்றாள். தன் தொழில் ஞானத்தில் மனைவி மயங்கிவிட்டாள் என்று மெக்கானிக் இன்னொரு கவளம் அதிகமாகச் சாப்பிட்டான்.

கணக்கு தொடங்குகிற வேலையையும் அவளிடமே தள்ளினான். "என் கை பூரா கிரீஸ். போன்ல எல்லாம் நீயே போட்டுக் கொடு. மாசாமாசம் பணத்தை உன்கிட்டயே தரேன், நீயே கட்டிடு. மூளை மட்டும் என்னோடது."

அவள் இரண்டு பாவாடைகளுக்கு நடுவே போனை நோண்டி, மறுநாள் நீட்டினாள்.

"இதை அமுக்கினா வாங்கறது. இதை அமுக்கினா விக்கறது."

"மேல என்னவோ பொடி எழுத்துல போட்டிருக்கே?"

"படிச்சுப் பாருங்களேன்."

"இதையெல்லாம் யார் படிப்பா!" என்றான். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிற அறிவிப்பை ஒருத்தனும் படிப்பதில்லை என்று தினமும் புலம்புகிறவன் அவன்தான்.

முதல் மாதம் ஷேர் ஏறியது. மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. நடையே மாறிவிட்டது. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் ஸ்பானரும் மறு கையில் போனுமாக வாங்கினான், விற்றான். கால் மணிக்கு ஒரு தரம் பார்த்தான். பார்த்தால் கை குறுகுறுக்கும். கொஞ்சம் இறங்கினால் பயந்து விற்றான். விற்றதும் அது ஏறும். ஐயோ போயிற்றே என்று விலை அதிகம் கொடுத்து அதையே வாங்கினான், வாங்கியதும் இறங்கும். தினமும் லிஃப்டை ஏற்றி இறக்குகிறவனை இப்போது ஷேர் ஏற்றி இறக்கியது.

"எப்படிங்க போகுது?"

"ஏறுது."

"முகம் இறங்கியிருக்கே?"

"அது வேலைக் களைப்பு."

கடைசியில் 'ஏறும்' அண்ணனிடம் போய் நின்றான். அவர் கண்ணை மூடினார். திறந்தார். "மழைக்காலம் வருது தம்பி. குடைக் கம்பெனி ஒண்ணு இருக்கு. மொத்தத்தையும் அதுல போடு. ஏறும்."

போட்டான். மழை வெளுத்து வாங்கியது. ஊரே குடை பிடித்தது. குடைக் கம்பெனி மட்டும் கவிழ்ந்தது.

அந்த வாரமே வீட்டுக்காரர் வந்தார். சைக்கிள்காரர் முன்கூட்டியே காலி செய்துவிட்டாராம். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் வந்துடணும்மா. இல்லைன்னா ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டிருக்கார்."

"கொடுத்துடறோங்க" என்றாள் தையல்காரி. மெக்கானிக் சட்டென்று போனைச் சட்டைப்பைக்குள் மறைத்தான்.

அவள் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய் அறையை அளந்தாள். மிஷின் இங்கே, துணி வெட்டுகிற மேஜை அங்கே, வருகிறவர்கள் உட்கார இந்த மூலையில் ஒரு பெஞ்சு என்று சாக்பீசால் தரையில் கோடு போட்டாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் அவள் பின்னாலேயே நகர்ந்தான். இத்தனை நாள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே முதுகை ஒடித்துக்கொண்டு தைத்தவள். அவளுக்காகத்தான் ஆரம்பித்தான். அவள் கடையைத்தான் தொலைத்துவிட்டான். அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

மாடிக்கு ஓடினான். "அண்ணே, கொஞ்சம் பணம் கைமாத்தா..."

"நானே உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன் தம்பி" என்றார் 'ஏறும்' அண்ணன். "நானும் அந்தக் குடையிலதான் நின்னேன்."

சனிக்கிழமை சாயங்காலம், அவள் பித்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, மெக்கானிக் எதிரே போய் நின்றான்.

"ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லுங்க."

"பணம்... ஏறலை."

"எவ்வளவு மிச்சம்?"

மென்று முழுங்கினான். "உன் மிஷினுக்கு ஊசி வாங்கலாம். நூல் வாங்க முடியாது."

இடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒன்றும் விழவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பவாவது அந்தப் பொடி எழுத்தைப் படிங்க."

போனை எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். எழுத்துக் கூட்டிப் படித்தான். 'இது பயிற்சிக் கணக்கு. இதில் காட்டப்படும் பணம் உண்மைப் பணம் அல்ல.'

மெக்கானிக் பேந்தப் பேந்த விழித்தான்.

"அப்ப... நான் மாசாமாசம் கொடுத்த பணம்?"

"அட்வான்சுக்கு வேணுங்கிற அளவைப் பாங்க்ல மாசாமாசம் கட்டுற டெபாசிட்ல போட்டேன். ஒரு வருஷத்துல வேணுங்கிற பணத்தைப் போய் ஏத்த இறக்கத்துல விடுவாங்களா? குறட்டை விட்டுத் தூங்கினாலும் பத்திரமா தூங்கிச்சு. நேத்துதான் எழுப்பி, குறைஞ்சதுக்கு என் தையல் காசையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்தேன்." அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் கவரை எடுத்துக் காட்டினாள். "மிச்சத்தை எல்லாக் கம்பெனியிலயும் கொஞ்சம் கொஞ்சமா வாங்குற ஒரு ஃபண்ட்ல போட்டிருக்கேன். அது நமக்கு வயசான பிறகு. அதுவரைக்கும் யாரும் தோண்டக் கூடாது."

"என்னை ஏமாத்திட்டியே!"

"நீங்கதானங்க சொல்லிக் கொடுத்தீங்க? கை சும்மா இருக்காதவனுக்கு அமுக்க ஒண்ணு கொடுத்துடணும்னு. கொடுத்தேன். லிஃப்ட் கெடலை பாருங்க."

மெக்கானிக்கின் நெஞ்சில் நிம்மதியும் ரோஷமும் கட்டிப் புரண்டன. நிம்மதிதான் ஜெயித்தது. ஆனாலும் ஒரே ஒரு துக்கம் பாக்கி இருந்தது.

"அப்ப அந்த முதல் மாச லாபம்?"

"அதுவும் இல்லைங்க."

"அது மட்டுமாவது நிஜமா இருந்திருக்கலாம்" என்று பெருமூச்சு விட்டான்.

கடை திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கோடு போட்ட இடத்தில் மிஷின், கோடு போட்ட இடத்தில் மேஜை. வேலை முடிந்து வந்த மெக்கானிக், மூலையில் இருந்த பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, தொண்டையைச் செருமினான்.

"இத பாரு. நான் பட்டுத் திருந்தினவன். இப்ப எனக்கு அனுபவம் இருக்கு. அந்த நிஜக் கணக்கை என் போன்ல போட்டுக் கொடு. தொட மாட்டேன். சும்மா பார்ப்பேன்."

"தக்காளியையும் சும்மாதான பார்த்தீங்க?"

"நான் குடும்பத் தலைவன். எனக்கு ஒரு மரியாதை இல்லையா?"

அவள் கையை நீட்டினாள். போனை வாங்கி, எதையோ தட்டி, திருப்பிக் கொடுத்தாள். மெக்கானிக் பார்த்தான். கணக்கு நிறையப் பணம். கண் அகன்றது. அப்புறம், பட்டுத் திருந்தினவன் அல்லவா, மேலே இருந்த பொடி எழுத்தைப் படித்தான்.

"புதுசா ஒரு லட்சம் போட்டிருக்கேன்" என்றாள் தையல்காரி, மிஷினை மிதித்துக்கொண்டே. "ஆளுங்க வர்ற நேரம். காலை மடக்கிக்கிட்டு அப்படி ஓரமா உக்காந்து விளையாடுங்க."