ஆயிரத்து இருநூறு முள்

அறுநூற்றுப் பதினான்காவது முள்ளில் பெரியவருக்குத் தும்மல் வந்தது. கணக்கு போயிற்று.

"மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும்" என்றார், தையல் ஊசியைக் கீழே வைக்காமல்.

"எதுக்குங்க எண்ணணும்?" என்றாள் மனைவி.

"இந்த மதர்போர்டு நடுவுல ஆயிரத்து இருநூறு முள்ளு இருக்குன்னான் கடைக்காரன். எண்ணிப் பாத்தவனா அவன்?"

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டால், அவன் சாப்பிடப் போனாலும் கூடவே போவார். மருமகளின் கம்ப்யூட்டரில் போர்டு செத்துப்போனது. நாளைக் காலைக்குள் அது ஓடாவிட்டால் அவள் வேலை போய்விடும். "அதே மாடல் வாங்கிட்டு வாங்க மாமா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

நேற்று கடையில் ஒரு மணி நேரம் சோதித்துத்தான் வாங்கினார். மெமரி செருக நாலு இடம், சரி. திருகு ஓட்டை ஒன்பது, சரி. பெரிய கார்டு செருகும் இடத்துக்கு அடியில் பேட்டரி.

"கார்டை மாட்டிட்டா பேட்டரிய எப்படி எடுக்கிறது?"

"கார்டைக் கழட்டிட்டுத்தான் எடுக்கணும்" என்றார் கடைக்காரர்.

"இதை வரைஞ்சவன் ஒரு நாளும் மாட்டிப் பாத்ததில்ல."

இன்று கூடத்தில் இருந்த பெட்டியைத் திறந்தார். மெமரி இடுக்கில் தூசி. நேற்று முள்ளுக்கு மேல் இருந்த கறுப்பு மூடியைக் காணோம்.

"பழசைத் தலையில கட்டிட்டான்."

"மருமக மாடியிலதான் இருக்கா. கேட்டுட்டு வரவா?"

"வாயைத் திறக்காதே. நான் ஏமாந்தேன்னு தெரிஞ்சா அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

மறுபடி எண்ணினார். ஊசி வழுக்கி ஒரு முள் சாய்ந்தது. அதை நிமிர்த்தினார், பக்கத்தில் இரண்டு சாய்ந்தன. மனைவியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு அந்த இரண்டையும் நிமிர்த்தினார். ஒன்று கையோடு வந்துவிட்டது.

"இப்ப எத்தனை இருக்கு?"

"ஒண்ணு குறையுது" என்றார்.

பெட்டியோடு கடைக்கு நடந்தார். வழியெல்லாம் வசவுகளை அடுக்கிக்கொண்டே போனார்.

"தூசி இருக்கு. மூடி இல்ல. முள்ளு ஒடிஞ்சிருக்கு. இதான் உங்க வியாபாரமா?"

கடைக்காரர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க எதுவும் கை வச்சீங்களா ஐயா?"

"நான் எதுக்குக் கை வைக்கிறேன்?"

"உங்க வயசுக்குப் பொய்யா சொல்லப் போறீங்க? முள்ளு ஒடிஞ்சா கம்பெனிக்காரன் திருப்பி எடுக்கமாட்டான். போகட்டும், நஷ்டம் என்னோட போகட்டும்." அலமாரியிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

சண்டையே போடாமல் மாற்றிக் கொடுக்கிறான் என்றால் கள்ளன்தான் என்று பெரியவர் திரும்பும் வழியிலேயே முடிவு கட்டினார்.

மாடிக் கதவைத் தட்டிப் பெட்டியை நீட்டினார். "இந்தா, மாட்டு. உலகத்துல ஒருத்தனையும் நம்பக் கூடாதும்மா. நேத்து பழசைத் தள்ளிவிட்டிருக்கான். கறாராப் பேசி மாத்திட்டு வந்துட்டேன்."

மருமகள் பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நேத்து வாங்கினதை அப்பவே மாட்டிட்டேனே மாமா. அந்தப் பெட்டியில நான் போட்டு வச்சிருந்தது நம்ம செத்துப்போன போர்டு."