சோளக்காட்டில் இறங்கிய மாப்பிள்ளை குறித்துச் சம்பந்திக்கு

மதிப்புமிகு சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் மகனும் கை கால் எண்ணிக்கை குறையாமல் நலம். தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாளின் சளியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறை சொல்லி எழுதும் பழக்கம் எனக்கில்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஆகையால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சம்பந்தம் பேசும்போது "பையன் விமானி" என்றீர்கள். முன்னூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிப் போவார் என்று நானும் தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். ஒற்றை ஆள் உட்காரும் விமானத்தில் பயிருக்கு மருந்து தெளிப்பவர் என்று தெரிந்தபோது கல்யாணமே முடிந்திருந்தது. போகட்டும்.

ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கிறேனே என்று மாப்பிள்ளைக்கு ஒத்தாசையாக வயலுக்குப் போக ஆரம்பித்தேன். வயல் ஓரத்தில் கொடி பிடித்து நிற்பது என் வேலை. கொடிக்கு நேராக அவர் பறந்து தெளிப்பார். நான் இருபது தப்படி நகர்வேன். அவர் திரும்பி வருவார். சென்ற புதன்கிழமை நான்காவது வரிசையில், இரண்டு மாடி உயரத்தில் என்னை நோக்கி வந்த விமானம் இருமியது, செருமியது, அப்புறம் சத்தத்தையே காணோம். இன்ஜின் நின்றால் தொட்டியில் இருக்கும் சரக்கை மொத்தமாகக் கொட்டிப் பாரத்தைக் குறைக்க வேண்டுமாம், அதுதான் இந்தத் தொழிலில் விதி. விதிப்படி கொட்டினார். விதிப்படி நின்ற என் தலையில் கொட்டினார். நானூறு லிட்டர் இலை உரம், சம்பந்தி! நல்லவேளை, அன்றைக்குப் பூச்சிமருந்து இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் விமானம் வேலியைத் தாண்டி, அடுத்தவர் சோளத்தை அறுவடை செய்துகொண்டே போய், பம்புசெட் அறைக் கதவருகே மூக்கை நீட்டி நிற்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. "மாப்ளே! மாப்ளே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் சாவகாசமாக இறங்கி, "மாமா, கொடிய இறக்குங்க. இனிமே நான் வரல" என்றார். அதற்குள் சோளத்துக்காரர் வந்து, "யாரக் கேட்டு இங்க நிறுத்தினீங்க?" என்று ஏதோ ஸ்கூட்டரை நிறுத்தியதுபோல் சண்டைக்கு நின்றார். "இன்ஜினக் கேட்டுத்தாங்க" என்றார் உங்கள் பிள்ளை. சோளத்துக்காரர் பச்சையாகச் சொட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார், குளிக்கச் சொல்லிப் பம்புசெட்டைப் போட்டுவிட்டார்.

விசாரித்தால் இது இரண்டாவது முறையாம்! முன்பு ஒருதரம் நெடுஞ்சாலையில் இறங்கியபோது, ஓரமாகப் போகச் சொல்லிப் பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தாராம். இதை என் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெட்ரோல் டாங்கில் தண்ணீர் கலந்திருந்ததாக மெக்கானிக் கண்டுபிடித்திருக்கிறார். "என் கவனக்குறைவு" என்று மாப்பிள்ளையே கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார். வரும் செவ்வாய் விசாரணை. லைசென்ஸ் போய்விடும் என்று பேச்சு. போகட்டுமே! டாங்கில் பெட்ரோலா தண்ணீரா என்று பார்க்கத் தெரியாதவரை நம்பி என் பெண்ணை எப்படி விடுவது? தாங்கள் செவ்வாயன்று நேரில் வந்து, இவன் இனிப் பறக்க வேண்டாம் என்று பெற்றவர் வாயால் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் மாமனார் கொடுமை என்பார்கள்.

தங்கள் குடும்பத்தார் யாவரும் தரையிலேயே நீடூழி வாழ வேண்டும்,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் என் மகள் பிடுங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, புதன்கிழம அவர் டீ குடிக்கப் போனப்ப, எறக்கை அழுக்கா இருக்குன்னு ஹோஸ் பிடிச்சுக் கழுவினது யாரு? அதுல இருக்கற பெட்ரோல் டாங்க் மூடி திறந்திருந்துச்சே!" என்றாள். உண்மைதான். வட்டமாக ஒரு மூடி கழன்று கிடந்தது. அதையும் கழுவித் துடைத்து நான்தான் மூடி வைத்தேன். "மெக்கானிக் சொன்னதுமே அவருக்குப் புரிஞ்சிடுச்சுப்பா. 'இந்த வயசுல மாமாவக் கொண்டுபோய் விசாரணையில நிக்க வைக்கணுமா'ன்னு தன் மேல போட்டுக்கிட்டார்" என்றாள். செவ்வாயன்று நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் அவசியம் வாருங்கள். என் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும், பயமாக இருக்கிறது. மேலே நலம் விசாரித்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைக் கிழித்துப் போட்டுவிடவும்.